மாற்றினால் ஜோடியாகத்தான்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது யார் என்று விரலை மடக்கி எண்ணாதே. உன் அக்காவுக்கு நீ அனுப்பிவைத்த பேட்டரி சக்கர நாற்காலியைத்தான் சொல்கிறேன். இந்த வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிற ஒரே ஜீவன் அதுதான். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், வருஷா வருஷம் ஓரங்குலம் முன்னேறுகிற உன் தொப்பை எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. என் மூக்குக்கண்ணாடி எங்கேயோ கிடந்ததால் உன் அக்காவே சத்தமாகப் படித்தாள். அச்சாபீஸில் பிழை திருத்துகிறவள் படித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? கமாவுக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு ரெண்டு மூச்சு. "அத்தான், உங்களுக்கு வயசாயிடுச்சு. அக்காவை இனிமே உங்களால பாத்துக்க முடியாது. அடுத்த மாசம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். கீழ் ரூம் ரெடியா இருக்கு" என்கிற இடத்தைக்கூட, யாரோ யாருக்கோ எழுதின மாதிரி முகத்தை அசைக்காமல் படித்து முடித்தாள். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "தம்பி எழுத்து தேறவே இல்ல."

மச்சான், எங்கள் கல்யாணத்தன்று வண்டி கிளம்பும்போது ஒரு பொடியன் என் சட்டையைப் பிடித்துத் தொங்கினானே, ஞாபகம் இருக்கிறதா? "எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று மூக்கு ஒழுக அழுதானே? பட்டன் ரெண்டு தெறித்துவிட்டது. இன்றைக்கும் நீ எழுதியிருப்பது அதே மனுதான். நடுவில் உனக்கு மீசை முளைத்து நரைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பாலத்தைத் தனியா தாண்டிப் போய், அச்சாபீஸ்ல வேலை பாத்துட்டு, தனியா திரும்பி வந்துட்டா நான் இங்கதான். நடுவுல நாற்காலி நின்னு போச்சுன்னா தம்பிகூடப் போறேன். இதுல நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது." ரெண்டு பேர் என்றால் நீயும் நானும். அத்தனை தூரத்தில் இருக்கிற உன் வாயையும் சேர்த்து ஒரே பூட்டாகப் போட்டுவிட்டாள்.

நாளைக்குக் காலையில் அவள் கிளம்புகிறாள். அதனால் இந்தக் கடிதத்துக்கு என்ன முடிவு என்று எழுதுகிற எனக்கே தெரியாது. இன்றைக்கு முடிந்த மட்டும் எழுதிவைக்கிறேன். நாளைக்கு மீதி.

நடந்ததில் பாதிதான் உன் காதுக்கு வந்திருக்கிறது. அந்தப் பாதியையும் எவனோ போனில் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியிருக்கிறான். நான் பாலத்தில் மயங்கி விழவில்லை. உட்கார்ந்தேன். விழுவதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் தெரியாதவன் பேச்சை நம்பாதே. முழுசையும் நானே சொல்கிறேன், கேள்.

அச்சாபீஸ் அக்கரையில் இருப்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அங்கேயிருந்து அச்சுத்தாள்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். உன் அக்கா வீட்டிலேயே திருத்துவாள். திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். லாரியை விட்ட பிறகு எனக்கு மிஞ்சின ஒரே உத்தியோகம் அது. மழை நாளில் தாளை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்து வந்தால், உன் அக்கா முதலில் தாளைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

போன மாதம் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கதை கேட்கிற மாதிரி ரொம்ப நேரம் கேட்டார். கதை அவருக்குப் பிடிக்கவில்லை போல. சைக்கிள் கூடாது, கனம் தூக்கக் கூடாது, எதையும் தள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாள் வருவது நின்றது. அச்சாபீஸ் முதலாளி நல்ல மனுஷன். அம்மா இங்கேயே வந்து உட்காரட்டும் என்று சொல்லி வாசற்படியில் சிமெண்டு போட்டுச் சரிவு கட்டிவிட்டார். ஜன்னல் பக்கத்தில் ஒரு மேசையும் ஒதுக்கிவிட்டார். மேசை தயார், வாசல் தயார். நடுவில் கிடந்தது பாலம் ஒன்றுதான்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நாற்காலி முன்பு மாதிரி ஓடவில்லை. கடைத்தெரு போய்த் திரும்புவதற்குள் கைப்பிடியில் இருக்கிற பச்சை விளக்கு மஞ்சளாகி, சிவப்பில் வந்து நிற்கும். சீட்டுக்கு அடியைத் திறந்து பார்த்தேன். லாரியில் இருக்கிற மாதிரியே ரெண்டு பேட்டரி, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அட, நமக்குத் தெரிந்த சமாசாரம்தான் என்று எனக்குள்ளே ஒரு சிரிப்பு. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்று செத்துக்கொண்டிருந்தது, இன்னொன்றுக்கு உயிர் இருந்தது. லாரியில் இந்த மாதிரி வந்தால் என்ன செய்வோம்? செத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்றை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம்.

உன் அக்கா நாற்காலியோடு வந்த கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும்னு போட்டிருக்கு" என்றாள். "புத்தகம் எழுதினவன் லாரி ஓட்டியிருக்கானா?" என்று கேட்டேன். "நீங்க புத்தகம் படிச்சிருக்கீங்களா?" என்றாள்.

நேராக என் பழைய சிநேகிதன் பஞ்சரிடம் போனேன். அவன் டயர் ஒட்டுகிறவன், பெயரே அதுதான் ஆகிவிட்டது. அதே அளவு, அதே வோல்ட்டில் லாரிக்குப் போடுகிற பேட்டரி ஒன்றைத் தேடிக் கொடுத்தான். எந்த வண்டிக்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரெண்டு மேதாவிகள் சேர்ந்தால் இப்படித்தான். மாட்டினேன். வீட்டுக்குள் ஓட்டிப் பார்த்தாள், குதிரை மாதிரி பாய்ந்தது. மீசையை முறுக்கிக்கொண்டேன். கையேடு பேசாமல் அலமாரிக்குப் போனது.

மறுநாள் ஒத்திகை. அவள் ஓட்ட, நான் பின்னால் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். பாலம் நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும், உனக்குத் தெரியும். அந்த ஏற்றத்தில் பாதி போனதும் நாற்காலி ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றுவிட்டது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை, பாதிக் கிணறு தாண்டின கதைதான். காற்று வேறு. கீழே ஆறு. பின்னால் வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கிறது. சரி, தள்ளிவிடலாம் என்று தோளைக் கொடுத்தேன். அசையவில்லை. இன்னும் கொடுத்தேன். மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. உன் அக்கா ஏதோ கத்தினாள், காற்றில் கேட்கவில்லை. ஒரு மணல் லாரிக்காரன் இறங்கி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, வண்டி கியர்ல கெடக்கு. அந்த லீவரைத் தூக்காம தள்ளுனா யானை வந்தாலும் நகராது" என்றான்.

மச்சான், நான் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டினவன். கியரில் கிடந்த வண்டியைத் தள்ளியிருக்கிறேன். அதையும் ஒரு லாரிக்காரன் கண்ணெதிரே. அதன்பிறகுதான் ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்சம் வேர்த்தது. நெஞ்சில் யாரோ கல்லை வைத்த மாதிரி இருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். லாரிக்காரன் எங்கள் ரெண்டு பேரையும், நாற்காலியையும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான். வழி முழுக்க உன் அக்கா என் கையை விடவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகுதான் உன் கடிதம் வந்தது. அவள் தீர்ப்பும் வந்தது.

தீர்ப்புச் சொன்ன கையோடு, "சரியான கடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். பேட்டரிக் கடை நடத்துகிறது ஒரு அம்மா. முழங்கை வரைக்கும் கரி, காதில் பேனா. சீட்டுக்கு அடியைத் திறந்து பார்த்ததும், "ஒரு பக்கம் மட்டும் மாத்துனது யாரு?" என்று கேட்டாள். உன் அக்கா, "பெரிய நிபுணர் ஒருத்தரு" என்றாள். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பல்லி என்னைப் பார்த்தது.

அப்புறம் அந்த அம்மா சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. உனக்கும் சொல்கிறேன், உனக்குத் தேவைப்படும். "லாரி பேட்டரிக்கு ஒரே வேலைதான்ணே. காலைல எஞ்சினை ஒரு உதை உதைச்சு எழுப்பிவிடும். அப்புறம் நாளெல்லாம் எஞ்சின்தான் ஓடுது, பேட்டரி உக்காந்து சாப்பிடுது. நாற்காலில அந்த மாதிரி ஆளு கிடையாது. எஞ்சினும் இதுதான், டீசலும் இதுதான். கொஞ்சம் கொஞ்சமா, ஒரே சீரா, கடைசி வரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கணும். அதுக்குன்னு செஞ்ச பேட்டரி வேற."

உன் அக்கா என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? ஒரு உதை உதைச்சுட்டு உக்காந்து சாப்பிடுறது யாருன்னு புரியுதா?" என்றாள். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே அந்தப் பேட்டரிப் பெட்டியைப் பார்த்தேன் மச்சான். எனக்குப் பலம் என்றால் சத்தம்தான். எஞ்சின் உறுமணும், புகை வரணும், தரை அதிரணும். இது ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சூடு இல்லை, சத்தம் இல்லை. இதுதான் ஒரு மனுஷியையும் இரும்பு நாற்காலியையும் சுமந்துகொண்டு பாலம் ஏறப்போகிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. இப்படிச் சத்தமில்லாமல் சுமக்கிற ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேனோ என்றும் தோன்றியது. அதைக் கடையில் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு சிரிப்பு எழும்பும்.

பழசையும் புதுசையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று நானே கேட்டேன். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டின மாதிரியாம். சார்ஜ் ஏறும்போது பழசு வழிந்துவிடும், புதுசு அரைவயிற்றோடு நிற்கும். ஓடும்போது பழசின் பாரத்தையும் புதுசு இழுக்கும். கடைசியில் புதுசும் சீக்கிரம் படுத்துவிடும். அதனால் ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே வயசு. ரெண்டும் ஒன்றாக வரணும், ஒன்றாகப் போகணும்.

அந்தச் சமயத்தில்தான் நீ விமானத்தில் அனுப்புவதாகச் சொன்ன புது ரக பேட்டரியைப் பற்றி உன் அக்கா கேட்டாள். கனம் கம்மி, ஆயுசு ஜாஸ்தி என்று நீ எழுதியிருந்தாயே, அது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நல்ல சரக்குதான் என்றாள். ஆனால் நம்முடைய சார்ஜர் அதற்கு ஆகாது. நாற்காலி செய்தவர்களும் சரி என்று சொல்ல வேண்டும். "அதோட அம்மா, அந்தக் கனமும் ஒரு காரணத்தோடதான் அடியில இருக்கு. ஏத்தத்துல, காத்துல உங்களைக் கவுக்காம தரையோட பிடிச்சுக்கிறது அதுதான்" என்றாள். கனம் குறைந்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்த நான் மறுபடியும் பல்லியைப் பார்த்தேன். உன் அக்கா பாலத்து நீளம், ஏற்றம், தன் எடை, பை எடை எல்லாம் சொல்லி, கெட்டியான பழைய ரகத்திலேயே பெரிய ஜோடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். நான் பெண் பார்க்கப் போனபோது என்னைக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

புதுசு வந்ததிலிருந்து பராமரிப்பு என் பொறுப்பு. முதல் நாளே ஒரு கூத்து. லாரிப் பழக்கத்தில் பேட்டரித் தண்ணீர் பாட்டிலோடு போய் உட்கார்ந்து மூடியைத் தேடினேன். மூடியே இல்லை. சீல் வைத்தது, தண்ணீர் கேட்காது. "அதுக்குத் தாகம் எடுக்காது, அந்தப் பாட்டிலை வைங்க" என்றாள். சிவப்பு விளக்கு வருகிற வரை ஓட்டிவிட்டுத்தான் சார்ஜ் போடணும் என்று நான் பிடித்திருந்த பிடிவாதமும் தப்பாம். ஓடினது கொஞ்ச தூரமோ நிறைய தூரமோ, ராத்திரி படுக்கப் போகும்போது மாட்டிவிட வேண்டும். பச்சை விளக்கு வருவதற்கு முன்னால் பிடுங்கக் கூடாது. பட்டினி போட்டால் அதற்கு ஆயுசு போய்விடும். எங்கேயும் போகாமல் வீட்டில் கிடந்தாலும் பசியோடு வைக்கக் கூடாது. அடுப்படியில் வேண்டாம், ஈரத்தில் வேண்டாம், காற்றோட்டமான இடம் வேண்டும். கம்பி மாட்டுகிற முனையில் வெள்ளைப் பவுடர் பூக்கிறதா, நட்டு தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் சுவிட்சை அணைக்க வேண்டும்.

இதெல்லாம் செய்யச் செய்ய எனக்கு ஒரு பயபக்தி வந்துவிட்டது மச்சான். ராத்திரி பிளக்கை மாட்டும்போது வாயைக்கூடத் திறப்பதில்லை. தினமும் கொஞ்சம் பக்கத்துத் தெரு, கொஞ்சம் கடைத்தெரு என்று ஓட்டிப் பழக்கினாள். புது பேட்டரிக்கும் முழு பலம் வர சில நாள் பிடிக்குமாம். அதையும் அந்த அம்மாதான் சொன்னாள்.

இப்போது சார்ஜரில் பச்சை எரிகிறது. உன் அக்கா பையில் சிவப்புப் பேனாக்களை எடுத்து வைத்துவிட்டாள். பக்கத்தில் ஒரு பெட்டியும் இருக்கிறது. அவள் துணிமணி. நின்று போனால் உன்னோடு கிளம்ப வேண்டுமே, அதற்கு. ரெண்டையும் ஒரே மாதிரி ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து எது ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பெட்டியைப் பார்க்காமல் படுக்கப் போகிறேன்.

...

மச்சான், போய்விட்டு வந்துவிட்டாள்!

முதலில் அதை எழுதிவிட்டேன். நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவன் என்று எனக்குத் தெரியும். இனி நிதானமாகப் படி.

காலையில் பாலத்து முனை வரைக்கும் கூடப் போனேன். அங்கே நாற்காலியை நிறுத்தி, "இங்கேயே நில்லுங்க. பின்னாடி வந்தா கணக்குல சேராது" என்றாள். "காத்து அடிக்குதே" என்றேன். "அடிக்கட்டும், அதுக்குத்தானே கனமா வாங்கியிருக்கு" என்றாள். கிளம்பிவிட்டாள். நான் எப்போதும் பிடித்துக்கொண்டு போகிற கைப்பிடியில் அவள் பை தொங்கிக்கொண்டு போனது. என் ரெண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் சட்டைப்பையில் வைத்தேன், அப்புறம் எடுத்தேன், அப்புறம் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தமே இல்லை. டயர் சிமெண்டுப் பலகையின் இணைப்பைத் தாண்டுகிற 'டக்' மட்டும் கேட்டது. கொஞ்ச தூரத்தில் அதுவும் கேட்கவில்லை. போன தடவை நின்ற இடம் வந்தது. தாண்டினாள். அந்த இடத்தில் நான் உட்கார்ந்த கல் இருக்கிறது, அதையும் தாண்டினாள். ஏறிக்கொண்டே போய் நட்ட நடு முதுகில் நின்றுவிட்டாள்.

நின்றுவிட்டாள் மச்சான். அசையவில்லை. ஓடலாமா என்று கால் தூக்கினேன். போனால் கணக்கில் சேராது. போகாவிட்டால் நடுப்பாலத்தில் தனியாகக் கிடப்பாள். பெட்டி கண்ணில் வந்தது. உன் கீழ் ரூம் கண்ணில் வந்தது. இந்த நாத்திகன் வாயில் எந்தெந்த சாமி பேரெல்லாமோ வந்தது. யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. பேட்டரியைக்கூடக் கூப்பிட்டிருப்பேன்.

அப்புறம் மெதுவாக நகர்ந்தாள். அந்தப் பக்க இறக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தாள். கடைசியாகத் தெரிந்தது அவள் தலை மட்டும்.

சாயங்காலமும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முனையில் டீக்கடைக்காரன், "என்ன பெரியவரே, காலைல இருந்து இங்கேயே நிக்கிறீங்களா?" என்று கேட்டான். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று பொய் சொன்னேன்.

வெயில் சாய்ந்து பாலம் முழுக்க மஞ்சளாக இருந்தது. அந்த முதுகுக்கு மேலே முதலில் ஒரு தலை வந்தது. அப்புறம் நெற்றி. அப்புறம் முகம். கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ கீழேயிருந்து தூக்கிக் காட்டுகிற மாதிரி வந்தது.

உனக்கு எப்படிச் சொல்வேன்? அவள் கால் ரெண்டும் ஓய்வு வாங்கிக்கொண்ட நாளிலிருந்து நான் அவள் பின்னால்தான் இருந்திருக்கிறேன். கையால் தள்ளுகிற பழைய நாற்காலி இருந்தபோதும் பின்னால்தான். இது வந்தபிறகும் கைப்பிடியை விடாமல் பின்னால்தான். அவள் பின்னந்தலையில் எந்த முடி எப்போது நரைத்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். வெளியில் போகும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. ரோட்டில் வருகிறவன் போகிறவனெல்லாம் அதைப் பார்த்திருக்கிறான். நான் ஒருத்தன்தான் பார்த்ததில்லை.

இன்றைக்குப் பார்த்தேன். வேலை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஒரு பொம்பளையின் முகம். களைப்பு இருந்தது, காதோரம் ஒரு சிவப்பு மைத் தீற்றல் இருந்தது. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது, வழியில் இருக்கிற விளம்பரப் பலகையில் எல்லாம் பிழை பார்த்துக்கொண்டே வந்திருப்பாள். யாரும் தள்ளவில்லை, யாரும் பிடிக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் தானாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். மலையேறும்போது விடியற்காலையில் சூரியன் வளைவில் திடீரென்று எதிரே நிற்குமே, லாரியை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரிசு. நிறுத்துவதற்கு என்னிடம் வண்டிகூட இல்லை.

பக்கத்தில் வந்து, "வாய்க்குள்ள ஈ போறதுகூடத் தெரியாம நிக்கிறீங்க. நகருங்க, வண்டி வருது" என்றாள். நகர்ந்தேன். கைப்பிடியில் பார்த்தேன், பச்சை போய் மஞ்சள் எரிந்தது. சிவப்பு வரவே இல்லை.

நடுவில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "ஆத்தைப் பாத்தேன்" என்றாள். "இத்தனை வருஷத்துல அந்த எடத்துல நீங்க ஒரு நாள்கூட நிறுத்தினதில்ல." உண்மைதான். ஏற்றத்தில் எந்த டிரைவராவது வண்டியை நிறுத்துவானா? வேகம் விட்டுப்போனால் மறுபடி எடுப்பது கஷ்டம். அவளை எத்தனை தடவை அந்தப் பாலத்தில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக. அவள் ஆற்றைப் பார்க்கணும் என்று நினைத்தது எனக்குத் தெரியாது, அவளும் சொன்னதில்லை. இந்த ஊமைப் பெட்டி நிற்கச் சொன்னால் நிற்கிறது, போகச் சொன்னால் போகிறது, மூச்சு வாங்குவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணிப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி அடுக்கினாள். பழைய சேலை ஒன்றை மட்டும் கிழித்து, "பேட்டரி துடைக்க வெச்சுக்கோங்க, காஞ்ச துணியாத்தான் துடைக்கணும்" என்று என்னிடம் கொடுத்தாள். ஆகவே உன் கீழ் ரூமில் நீயே படுத்துக்கொள். மாடிப்படி ஏறாமல் இருந்தால் அந்தத் தொப்பைக்கும் சௌகரியம்.

ஆனாலும் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, அதை மாற்றாதே. வா. எனக்கும் ஒரு சின்ன ரிப்பேர் வேலை இருக்கிறது. நெஞ்சைத் திறந்து, முனையைத் துடைத்து, நட்டை முறுக்கி மூடிவிடுவார்களாம். டாக்டர் கெட்டிக்காரர். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் பார்க்கிறார். உன் அக்காவுக்கு ஆபரேஷன் தேதி தெரியும். ஜன்னலைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லாததையும் படிக்கிறவள், படித்திருப்பாள்.

வரும்போது அவளுக்காகக் காலிப் பெட்டி கொண்டுவராதே. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிற வரைக்கும் ராத்திரி பிளக்கை நீ மாட்டு. பச்சை வருவதற்கு முன்னால் பிடுங்காதே. வெள்ளைப் பவுடர் பூத்தால் துடை. சந்தேகம் வந்தால் பேட்டரிக் கடை அம்மாவைக் கேள், பஞ்சரைக் கேட்காதே. காலம் வந்து மாற்ற வேண்டியிருந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அது பேட்டரிக்குச் சட்டம். மனுஷருக்கு அந்தச் சட்டம் வேண்டாம் மச்சான். ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓட வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. நான் படுத்திருக்கிற நாட்களில் சாயங்காலம் பாலத்து முனைக்குப் போ. டீக்கடைக்கு எதிரே, கம்பி ஓரமாக நில். தள்ளுவதற்குக் கையை நீட்டாதே, அவளுக்குப் பிடிக்காது. சும்மா நின்றால் போதும். முதலில் தலை தெரியும், அப்புறம் நெற்றி தெரியும். அவள் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு யாராவது ஒருத்தர் அங்கே நிற்க வேண்டும்.

உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனவன்,
உன்னிடமிருந்து ரெண்டு பட்டன் பாக்கி வரவேண்டிய உன் அத்தான்